கச்சான் அடித்த வாரம் கழுவிய ஸ்கோப்

காலையில் சுவிட்சைப் போட்டால் பச்சைக் கோடு திரையின் அடியில் கிடக்கும். ஒரு மணித்தியாலம் போக மெல்ல மேலே ஏறும். மத்தியானம் நடுவில் வந்து அசையாமல் நிற்கும்போது, காலையில் கண்டது கனவோ என்று தோன்றும். முதல் நாள் மழை பெய்திருந்தால் பின்னேரம் வரைக்கும் காத்திருக்க வேண்டும். வாங்கிய முதல் மூன்று மாதமும் என் ஒசிலோஸ்கோப்பின் குணம் இதுதான். மின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டுகிற, பள்ளிக்கூடப் புத்தகத்தில் அலைவுகாட்டி என்று படித்த அதே சாமான். பட்டறையில் ஸ்கோப் என்றால் போதும்.

மட்டக்களப்புப் பக்கம் காத்தான்குடியில் பழைய இரும்பு வாங்கி விற்கும் ஒரு கடையில் அது அகப்பட்டது. டெக்ட்ரோனிக்ஸ் 465. 1972இல் வந்த மொடல், இரண்டு சனல், 100 மெகாஹேர்ட்ஸ். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் திருத்தப் போகிறவர்கள் எல்லாம் கையில் தூக்கிக்கொண்டு போன சாமான். தூக்கிப் பார்த்தால்தான் தெரியும், பத்துக் கிலோ. கிழிந்த கதிரை மெத்தைகளுக்கும் தையல் மெசின் தலைகளுக்கும் நடுவே முகம் குப்புறக் கிடந்தது.

"நானா, இது வேலை செய்யுமா?" என்று கடைக்கார அண்ணரைக் கேட்டேன்.

"தம்பி, நான் நிறுத்துத்தான் வாங்குறன், நிறுத்துத்தான் விக்கிறன். வேலை செய்யிறது செய்யாதது உங்கட பாடு."

ஞாயமான பேச்சு. நிறுத்து வாங்கிக்கொண்டு கல்லடியில் என் பட்டறைக்கு வந்தேன். பின்பக்கம் 115, 230 வோல்ற் என்று மாற்றும் சுவிட்ச் இருந்தது. நல்லவேளை, கரண்ட் கொடுக்குமுன் அதைப் பார்த்தேன். 115இல் நின்றது. அமெரிக்கச் சாமான்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சுவிட்சைத்தான்.

மேல்மூடியைக் கழற்றிய நாளில் மாமாவையும் கூப்பிட்டிருந்தேன். அம்மாவின் தம்பி. முப்பது வருசத்துக்கு மேல் றேடியோ, டிவி திருத்தியவர். உள்ளே காற்றாடி இழுத்த தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. வெப்பத் தகட்டில் குளவி மண்ணால் கூடு கட்டி, குஞ்சுகளையும் அனுப்பிவிட்டுப் போயிருந்தது. ட்ரான்ஸ்போமருக்குப் பின்னால் பல்லி முட்டை ஓடு இரண்டு. நான் பிறஷை எடுத்தேன். மாமா அதற்குள் சுட்டுவிரலால் தூசியைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார்.

"உப்புக் கரிக்குது மனே."

நீங்கள் இதைச் செய்யாதீர்கள். அந்தத் தூசியில் ஈயப்பற்றின் (சோல்டரின்) ஈயம் இருக்கலாம், எலி மூத்திரம் இருக்கலாம், எலிக்காய்ச்சல் நம் பக்கத்தில் சிரித்து ஒதுக்குகிற நோய் இல்லை. மாமாவுக்குச் சொல்லிப் பயனில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு சொல்லில்தான் விசயம் முழுவதும் இருந்தது. அவர் உப்பைத் தேடியதற்குக் காரணமும் இருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா தினம். மாமாவின் கடை கல்லடியில் கடற்கரைப் பக்கம். வீடு வாவிக்குள் இருக்கும் புளியந்தீவில். அதனால் ஆட்கள் தப்பினார்கள். கடைக்குள் கடல் வந்து போனது. நான்கு நாள் கழித்து மண்ணுக்குள் இருந்து தோண்டி எடுத்தது ஒரு சிக்னல் ஜெனரேற்றர், ஊசி மல்டிமீற்றர் ஒன்று, திருத்த வந்த நாலைந்து றேடியோ. யாருக்கும் வருகிற முதல் யோசனைதான் அவருக்கும் வந்தது: நனைந்ததைக் காயவை. தகரத்தில் பரப்பி, வெயிலில் ஒரு கிழமை வைத்தார். எல்லாம் உலர்ந்தன. பாதிக்கு மேல் வேலையும் செய்தன. கடை போன மனிசனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இப்போது நினைத்தால் தெரிகிறது. இரண்டு மாதத்துக்குள் ஒன்றொன்றாகச் செத்தன. திறந்து பார்த்தால் செப்புக் கோடுகள் பச்சை பூத்து, கப்பாசிற்றர் கால்கள் அரித்து விழுந்திருந்தன.

"தண்ணி ஒண்டும் செய்யல்ல மனே. உப்புத்தான் திண்டது. அண்டைக்கே நல்ல தண்ணியில அலசியிருந்தா பாதியாவது மிஞ்சியிருக்கும்."

நல்ல தண்ணீருக்கு அப்போது எங்கே போவது என்பது வேறு கதை. கரையோரக் கிணறுகள் எல்லாம் கடலாகிக் கிடந்தன.

நம் வீட்டு உப்புச் சாடியைப் பாருங்கள். மாரி தொடங்கியதும் சாடி வேர்க்கும், உப்பு கட்டிபட்டுக் கசியும். சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைட், காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. அது 33 வீதத்திலேயே கசியத் தொடங்கும். மட்டக்களப்பில் 33 வீத ஈரப்பதன் என்றைக்கு வரும்? ஆக ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள எங்கள் துண்டு நிலத்தில், சுற்றுப்பலகையில் படிந்த உப்புத் தூசி ஒருநாளும் முழுதாகக் காய்வதே இல்லை. பார்க்கத் தூசி, உண்மையில் மெல்லிய உப்புத் தண்ணீர்ப் படலம்.

அது கரண்டைக் கடத்தும். ஸ்கோப்பின் உள்ளீட்டில், அதாவது அளக்கிற சிக்னல் நுழைகிற வாயில், தடை 1 மெகாஓம். அதற்குப் பக்கத்தில் தூசி வழியாக 100 மெகாஓம் அளவில் ஒரு கள்ளப் பாதை திறந்தாலே அளவீடு கிட்டத்தட்ட 1 வீதம் பிசகிவிடும். 100 மெகாஓம் என்பதைச் சாதாரண மல்டிமீற்றரால் அளக்கவே முடியாது, "ஒன்றும் இல்லை" என்றுதான் காட்டும். கோடு காலையில் விழுந்து கிடந்ததும், மெசின் சூடேறி ஈரம் விரட்டப்பட்டபின் எழும்பியதும் இதனால்தான். இதை விட மோசமான ஒன்றும் உண்டு. ஈரமும் உப்பும் இருக்கிற இடத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிலையான வோல்ற் நின்றால், உலோகம் கரைந்து மறுபக்கம் போய் மரக்கிளை மாதிரி வளரும். ஒருநாள் தொட்டுக்கொள்ளும். அன்றைக்குப் புகைதான்.

இப்போது நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். இலத்திரனியல் வேலை செய்கிறவர்களுக்கு எல்லா அழுக்குக்கும் ஒரே மருந்து ஐசோப்ரொப்பைல் அல்ககோல். நானும் அதையே நம்பினேன். 99 வீதப் போத்தல் கைவசம் இல்லை. கோவிட் காலத்தில் வாங்கிய, கையில் தேய்க்கிற சனிற்றைசர் அலுமாரியில் இரண்டு லீற்றர் இருந்தது. இதுவும் ஐசோப்ரொப்பைல்தானே என்று பஞ்சில் நனைத்து ஒரு மூலையைத் துடைத்தேன். பளபளவென்று வந்தது. அடுத்த நாள் தொட்டால் பிசுபிசுப்பு. உலக சுகாதார நிறுவனம் கொடுத்த செய்முறையிலேயே கை வறளாமல் இருக்க 1.45 வீதம் கிளிசரோல் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. கிளிசரோலும் ஈரத்தை இழுக்கிற சாமான்தான். உப்பை எடுக்கப் போய் உப்புக்கு ஒரு தம்பியைக் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

சரி, சுத்தமான அல்ககோல் வாங்கியிருந்தால்? அது ஈயப்பற்றின் பிசினைக் கரைக்கும், எண்ணெயைக் கரைக்கும், பீடிப்புகைக் கறையைக் கரைக்கும். உப்பைக் கரைக்காது. அந்த இடத்தில் உப்பைச் சும்மா இங்கிருந்து அங்கே தள்ளிவிடும். உப்பைக் கரைக்கிறது தண்ணீர். சமையல்கட்டில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்ததை நான் பட்டறைக்குள் வந்ததும் மறந்திருந்தேன்.

தண்ணீரா, கரண்ட் சாமானுக்கா என்று பயப்படுகிறவர்கள் டெக்ட்ரோனிக்ஸ் கொம்பனியின் சேர்விஸ் மனுவலைப் பார்க்கலாம். முதலில் குறைந்த அழுத்தக் காற்றால் தூசியை ஊது, மிச்சத்தை மென்மையான பிறஷ் அல்லது துணியால், தண்ணீரும் மெல்லிய சோப்பும் கலந்து துடை, முழுதாகக் காயாமல் கரண்ட் கொடுக்காதே என்றுதான் இருக்கிறது. பென்சீன், தொலுயீன், அசற்றோன் வகைகளைத் தொடாதே என்றும் இருக்கிறது. அவர்களுடைய திருத்தகங்களிலேயே ஸ்கோப்பை முழுதாகச் சோப்புத் தண்ணீரால் கழுவி, சூட்டறைக்குள் காயவைத்துத்தான் வேலை தொடங்குவார்களாம். தண்ணீர் பகை இல்லை. ஈரத்தோடு சுவிட்ச் போடுவதுதான் பகை.

தின்னர் விசயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. முன்பொரு தடவை வேறொரு மீற்றரின் அக்ரிலிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த லேபலை எடுக்கத் தின்னர் போட்டேன். ஐந்து நிமிசத்தில் கண்ணாடி முழுக்க மயிரிழை வெடிப்பு. அக்ரிலிக்குக்கு ஐசோப்ரொப்பைல்கூட ஆகாது. சோப்புத் தண்ணீரும் பழைய பனியன் துணியும் போதும்.

கழுவுவதற்கு முன்னால் பயப்பட வேண்டியவை வேறு. திரைக்குழாய்க்குப் போகிற வயரில் பத்தாயிரம் வோல்ற்றுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கண்ணாடிக்குள் தங்கும். பவர் பக்கத்துப் பெரிய கப்பாசிற்றர்களும் அப்படித்தான். நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு இரவு அப்படியே விட்டேன். காலையில் 10 கிலோஓம், 10 வொற் தடையொன்றை நீளமான காப்பிட்ட பிடியில் கட்டி ஒவ்வொரு பெரிய கப்பாசிற்றரையும் வடியவிட்டேன். ஸ்குறூ டிரைவரால் சோட் பண்ணுகிற வீரர்கள் உண்டு. பொறி பறக்கும்போது கப்பாசிற்றருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. பிறகு மீற்றரால் பூச்சியம் என்று பார்த்தேன். இவ்வளவு நேரமும் இடதுகை களுசான் பைக்குள். மாமா எனக்குப் பதினாலு வயதில் பழக்கிய பழக்கம், ஒரு கையால் மட்டும் தொட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போக வழி குறைவு. திரைக்குழாயை நான் கழற்றவே இல்லை. உள்ளே வெற்றிடம். தவறி விழுந்தால் உள்நோக்கி வெடித்துச் சிதறும்.

இன்னொன்று, அதிகம் பேர் சொல்லாதது. சில பழைய சாமான்களில் பவர் ட்ரான்சிஸ்ரரின் அடியில் வெள்ளைப் பீங்கான் வில்லை இருக்கும். அது பெரிலியம் ஒக்சைட்டாக இருக்கலாம். முழுசாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. அரத்தால் தேய்த்தோ உடைத்தோ தூளாக்கி மூச்சில் இழுத்தால் நுரையீரலைக் கெடுக்கும். சந்தேகம் வந்தால் அதை அழுக்கோடு விட்டுவிடுவதே மேல்.

நான் எதையும் கழற்றுமுன் போனில் படம் எடுப்பேன். ஒவ்வொரு வயருக்கும் ஒட்டுத்தாளில் நம்பர். இந்த இடத்தில் என் துணிவின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். பெரிய போட்டை, அதாவது சுற்றுப்பலகையை, கழற்ற ஏராளமான வயர்களைச் சுட்டு எடுக்க வேண்டியிருந்தது. நான் கைவைக்கவில்லை. அதை இருந்த இடத்திலேயே, காதுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, ஒரு சதுர அங்குலம் ஒரு சதுர அங்குலமாகத் துடைத்தேன். உள்ளீட்டுப் பக்கத்துப் போட்டை மட்டும் வெளியே எடுத்துக் கழுவினேன். பிழை இருந்ததும் அங்கேதான்.

தூசி ஊதியது முற்றத்தில், முகமூடி போட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி. குளவிக்கூட்டை உடைக்காமல் ஈரமாக்கிக் கரைத்தேன். காற்றாடியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், ஊதுகிற வேகத்தில் அது தலைதெறிக்கச் சுற்றித் தாங்கி கெட்டுவிடும். நைலோன் பிறஷ் வேண்டாம், உரசலில் நிலைமின் பிறக்கும். பெயின்ற் அடிக்கிற பன்றிமயிர் பிறஷ் புதிதாக ஒன்று வாங்கினால் ஆயுசுக்குப் போதும்.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவம் நாலு துளி. போட்டைச் சரித்துப் பிடித்து, மேலிருந்து கீழாகப் பிறஷால் தடவினேன். ஓடிய தண்ணீர் முதலில் பிளேன்ரீ நிறத்தில் இருந்தது, மூன்றாம் தடவை தெளிந்தது. சுழல் சுவிட்சுகளின் தங்கப்பூச்சுத் தகடுகளைப் பிறஷால் தொடவில்லை. வெள்ளைத் தாளை நீளமாக வெட்டி, அல்ககோலில் நனைத்து, இரண்டு தகடுகளுக்கும் நடுவே வைத்து மெல்ல இழுத்தேன். பஞ்சு வைத்தால் நார் சிக்கும். சந்தையில் விற்கிற துருநீக்கி எண்ணெய் ஸ்பிரேயை அடித்தால் அன்றைக்கு நன்றாக இருக்கும், ஆறு மாதத்தில் அதே எண்ணெய் தூசியைப் பிடித்து மாவாக்கும். கடைகளுக்கு வருகிற பாதி றேடியோவில் இந்த மாவுதான் வியாதி.

அலசுவது எந்தத் தண்ணீரால் என்பதுதான் நம் ஊரில் உண்மையான கேள்வி. என் கிணற்றுத் தண்ணீரில் கேத்தலுக்குள்ளேயே வெள்ளைக் கட்டி படியும். அதால் கடைசி அலசல் செய்தால் ஓர் உப்பை எடுத்து வேறோர் உப்பைப் பூசியதாகிவிடும். பெற்றோல் செட்டில் விற்கிற பற்றறித் தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீர், இரண்டு போத்தல் வாங்கினேன். பக்கத்திலேயே பற்றறி அசிட்டும் அதே மாதிரிப் போத்தலில் இருக்கும், லேபலை இரண்டு தரம் வாசியுங்கள். அலசி வடிந்த தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து, மீற்றரின் இரண்டு கம்பிகளையும் ஒரே இடைவெளியில் நனைத்துப் பார்த்தேன். புதுத் தண்ணீரோடு ஒப்பிட்டால் முதல் தம்ளரில் தடை மிகக் குறைவு. நாலாவது தம்ளரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. மீற்றரால் இப்படித் தண்ணீரை அளப்பது துல்லியமான முறை இல்லைதான். ஆனால் நாக்கில் வைப்பதைவிட நல்லது என்று மாமாவிடம் சொன்னேன். "நாக்கு பிழைச்சதா?" என்று கேட்டார். நாக்குச் சொன்னது சரிதான்.

அல்ககோலுக்கு வேலை இந்த இடத்தில்தான் வருகிறது. கடைசியாக 99 வீத ஐசோப்ரொப்பைலால் ஒரு அலசல். சிப்புகளின் அடியில் ஒளிந்த தண்ணீரை அது தன்னோடு கலந்து இழுத்துக்கொண்டு ஆவியாகும். ஆனால் அதன் ஆவி 12 பாகை செல்சியசிலேயே தீப்பற்றக் கூடியது. நம் பட்டறை வெப்பம் ஒருநாளும் அதற்குக் கீழே போகாது. ஆவி காற்றைவிடப் பாரம், நிலத்தில் ஊர்ந்து போகும். பக்கத்து அறையில் அடுப்பு எரிந்தால் போதும். முற்றத்தில், வெறுங்காற்றில், வாசம் முற்றாகப் போகும்வரை வைத்தபிறகே சூட்டுக்குக் கொண்டுபோனேன்.

இதையெல்லாம் தையிலேயே செய்திருக்கலாம். மாமா விடவில்லை. "வாடைக்க கழுவி எங்க காயவைக்கிறது? கச்சான் வரட்டும்." கச்சான் என்றதும் நிலக்கடலை நினைவுக்கு வருகிற வேற்றூர்க்காரருக்கு: இது காற்று. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டு எங்கள் கரைக்கு வரும். உதடு வெடிக்கும், கொடியில் போட்ட சறம் அரை மணியில் மொரமொரக்கும், ஆட்களுக்குச் சும்மா சும்மா கோவம் வரும். வருசம் முழுக்க நாங்கள் திட்டுகிற அந்தக் காற்றைப் போட் கழுவக் காத்திருந்து வரவேற்றேன். ஜூலை நடுவில் வந்தது. அந்த வறட்சியில் நிலைமின் தொல்லை கூடும் என்பதால் கையில் நிலத்தொடுப்புப் பட்டி கட்டிக்கொண்டேன்.

நிழலில் ஒரு நாள் காற்றாடவிட்டபின், கோழிக்குஞ்சு வளர்க்கிற மாதிரி ஒரு பெட்டி. காட்போட் பெட்டிக்குள் 40 வொற் குமிழ் ஒன்று, மேலே ஓட்டைகள், உள்ளே வெப்பமானி. 50 பாகையைத் தாண்ட விடவில்லை. மூன்று நாள். ட்ரான்ஸ்போமருக்குள் தண்ணீர் போயிருந்தால் மூன்று நாள் காணாது, கிழமைக் கணக்கில் வேண்டும். அதனால்தான் அதன் கிட்டவே தண்ணீர் கொண்டுபோகவில்லை.

திரும்பப் பூட்டியபின் நேரே பிளக்கில் செருகவில்லை. 60 வொற் இழைக்குமிழ் ஒன்றைத் தொடரில் போட்டு அதன் வழியாகக் கரண்ட் கொடுத்தேன். உள்ளே எங்காவது சோட் இருந்தால் குமிழ் முழு வெளிச்சத்தில் எரியும், சாமான் தப்பும். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. மாமா கதிரையைக் கிட்ட இழுத்தார். குமிழை எடுத்துவிட்டு நேர்க் கரண்டில் அளவுப் புள்ளிகளைப் பார்த்தேன். 110, 55, 15, 5, கழித்தல் 8 வோல்ற். ஐந்தும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கோடு நடுவில் வந்தது. ஆனால் கச்சான் காலத்தில் அது முன்பும் நடுவில்தான் வந்திருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மாமா ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டார்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து, வாசலில் கணுக்கால் தண்ணீர். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு, தேத்தண்ணி குடிக்குமுன் சுவிட்சைப் போட்டேன். கோடு நடுவில் இருந்தது. பத்து நிமிசம் பார்த்துக்கொண்டிருந்தேன், இருந்தது. மாமாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"ரெண்டாஞ் சனல்?"

இரண்டாம் சனலில் 5 மில்லிவோல்ற் நிலையில் கோடு கொஞ்சம் மயிர் முளைத்த மாதிரி இருக்கிறது. அது உப்பு இல்லை. ஒரு ட்ரான்சிஸ்ரர் இரைகிறது என்று நினைக்கிறேன். காத்தான்குடி நானாவின் கடையில் இதே மாதிரிப் பெட்டி இன்னொன்று, மூடி இல்லாமல், போன கிழமை கண்டேன். அதையும் அவர் நிறுத்துத்தான் தருவார்.